வழுக்கும் கிளட்சும் ரங்கூன் வண்டிகளும்

தாகேதாவில் கிளட்ச் வேலை பார்க்கிற மெக்கானிக்குக்கு டெஸ்ட் டிராக் எதுவும் வேண்டாம். பாலம் இருக்கு, அது போதும். ரங்கூன் டவுனுக்குக் கிழக்கே, பசுண்டாங் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்க ஊர் தட்டையான ஊர். மழைக்காலத்தில் எது ரோடு, எது சாக்கடை என்று தெரியாத அளவுக்குத் தட்டை. ஆனால் டவுனுக்குப் போகணும்னா ஏதாவது ஒரு பாலம் ஏறித்தான் ஆகணும். ஆள் நிறைய ஏற்றின வண்டி பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் போகும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். இஞ்சின் சத்தம் மட்டும் 'ஙொய்ய்ய்'ன்னு மேலே போகும், வண்டி மேலே போகாது. கொஞ்ச நேரத்தில் ஒரு கருகல் நாத்தம் வரும். அவ்வளவுதான், கிளட்ச் வழுக்குது. சமதரையில் ஒரு மாசமா மறைந்திருந்த வியாதியைப் பாலம் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடும்.

வரலாறு என்று போட்டுவிட்டு மெக்கானிக் கதை சொல்றானேன்னு பாக்காதீங்க மக்களே. பர்மாவில் இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது. ஒரு தேய்ந்த கிளட்ச் பிளேட்டைப் பிடித்துக்கொண்டே போனால் அறுபது வருஷ அரசியல் வந்துவிடும். கொஞ்சம் நீளமான பதிவுதான், டீ எடுத்துட்டு வந்துடுங்க :-)

முதலில் கிளட்ச் என்ன செய்யுதுன்னு ரெண்டு வரி. இஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற கனமான சக்கரம் ஃப்ளைவீல். கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டு வருகிற தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிற தட்டு கிளட்ச் பிளேட். ஸ்பிரிங் வைத்த பிரஷர் பிளேட் அந்தத் தட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து நசுக்குகிறது. நசுக்கினால் ரெண்டும் ஒண்ணா சுத்தும். பெடலை மிதித்தால் பிடி விடும். எல்லாமே உராய்வை நம்பின வேலை. தட்டின் இரு முகத்திலும் ரிவெட் அடித்து ஒட்டியிருக்கிற லைனிங்தான் அந்த உராய்வைக் கொடுக்கிறது. அது தேய்ந்தாலும், எண்ணெய் பட்டாலும், ஸ்பிரிங் சோர்ந்தாலும் வழுக்கும்.

அந்த லைனிங்குக்கே ஒரு கதை உண்டு. ஆரம்பகால கார்களில் கூம்பு வடிவ கிளட்சுக்குத் தோல்தான் போர்த்தியிருப்பார்கள். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடிக்கும், எண்ணெய் பட்டால் வழுக்கும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் மரக்கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்து ஓட்டுவதைப் பார்த்துவிட்டு 1897-ல் பிரேக் லைனிங் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் ஃபெரோடோ கம்பெனி. பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூடு தாங்கியது, உலகம் முழுக்க அதையே நெய்து ரிவெட் அடித்தார்கள். ஒரே தட்டு வைத்த உலர் கிளட்சைப் பரவலாக்கியது அமெரிக்காவின் போர்க் அண்ட் பெக். அதை லைசென்ஸ் வாங்கி பிரிட்டிஷ் கார்களுக்குச் செய்து கொடுத்தது லெமிங்டன் ஸ்பாவில் இருந்த ஆட்டோமோடிவ் ப்ராடக்ட்ஸ் கம்பெனி. நான் இப்போ எம்.எஸ்சி. படிக்கிற கவென்ட்ரிக்குப் பக்கத்து ஊர் அது. சின்ன வயசில் தாகேதாவில் பழைய தட்டுகளில் 'போர்க் அண்ட் பெக்' என்று எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். அந்தத் தட்டு பிறந்த ஊருக்கு இப்போ பஸ்ஸில் போய் வருகிறேன். விசேஷமாகப் பார்க்க அங்கே ஒண்ணும் இல்லை, அது வேற விஷயம்.

சரி, பர்மாவுக்கு வருவோம்.

1945-ல் சண்டை முடிந்தபோது நேச நாட்டுப் படைகள் விட்டுப்போன ஜீப்புகளும் செவர்லே ராணுவ லாரிகளும் பர்மாவில் குவிந்து கிடந்தன. கனடாவில் செய்த அந்த லாரிகளின் மேல் மரக்கூண்டு கட்டி பஸ்ஸாக்கினார்கள். அப்படிக் கட்டின பஸ்கள் இஞ்சின் மாறி, கியர் பாக்ஸ் மாறி, 2000-க்குப் பிறகும் ரங்கூனில் ஓடிக்கொண்டிருந்தன. நானே சின்னப் பையனா ஏறியிருக்கேன். 1948-ல் சுதந்திரம் வந்த பிறகு ஆஸ்டின், ஹில்மன், மோரிஸ் என்று பிரிட்டிஷ் கார்கள் இறங்கின. 1954-ல் ஜப்பானோடு யுத்த நஷ்ட ஈட்டு ஒப்பந்தம், பத்து வருஷத்துக்கு 20 கோடி டாலர் மதிப்புக்குப் பொருளும் சேவையும். அதன் தொடர்ச்சியாகத்தான் 1960களில் ஹீனோ லாரியும் மாஸ்டா சின்ன வண்டியும் பர்மாவிலேயே பூட்டப்பட்டன.

தாகேதா பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். 1958-லிருந்து 1960 வரை ஜெனரல் நே வின்னின் காபந்து அரசாங்கம் இருந்தபோது, டவுனுக்குள் குடிசை போட்டிருந்த மக்களைக் கிளப்பி ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். 1959-ல் அப்படி உருவானவைதான் வட ஒக்கலாபா, தென் ஒக்கலாபா, தாகேதா. வயக்காட்டு மண்ணில் கோடு போட்டு மனை பிரித்துக் கொடுத்தது. எங்க தாத்தா வந்து இறங்கினது அப்படித்தான். டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் எடுபிடி வேலை அவருக்கு.

1962 மார்ச் 2-ல் அதே நே வின் முழுசாகவே ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ரெண்டு வருஷத்தில் வங்கி, மொத்த வியாபாரம், கடைகள் எல்லாம் தேசியமயம். 1964 மே மாசம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1960களில் பர்மாவை விட்டு வெளியேறின இந்தியர்கள் சுமார் மூணு லட்சம் பேர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். சென்னை பர்மா பஜாரும் வியாசர்பாடியில் கிடைக்கிற அத்தோவும் உங்களுக்கெல்லாம் தெரிந்த முனை. எனக்குத் தெரிந்தது மறு முனை. கப்பலில் ஏறினவர்கள் கையில் கொஞ்சம் துணிமணியும் அரசாங்கம் அனுமதித்த சொற்பப் பணமும்தான். வீடு ஏறாது, கடை ஏறாது, காரும் ஏறாது. தாத்தா வேலை பார்த்த ஒர்க்ஷாப்பின் முதலாளி 1964-ல் ஒரு மோரிஸ் மைனரின் சாவியையும் பேப்பரையும் அவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். சம்பள பாக்கிக்குப் பதிலாம். திரும்பி வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னாராம். வரவில்லை.

வண்டிகளின் வரலாற்றில் நடந்த பெரிய விஷயம் இங்கேதான் இருக்கு. கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுபோனது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய அடி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு விழுந்தது. கடை அரசாங்கத்துக்குப் போனது, கடைக்காரர் மெட்ராஸுக்குப் போனார். எந்தத் தட்டு எந்த வண்டிக்குச் சேரும் என்கிற ஞானமும் அவரோடு போனது. இந்தியாவும் அந்தக் காலத்தில் இறக்குமதிக் கதவைச் சாத்தின நாடுதான். ஆனால் அங்கே கதவுக்கு உள்ளே ஒரு தொழிற்சாலை இருந்தது. மோரிஸின் வம்சமான அம்பாசடர் 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்டது. பார்ட்ஸும் மூலைமுடுக்கெல்லாம் கிடைத்தது. பர்மாவில் பூட்டினது ஹீனோவும் மாஸ்டாவும்தான். மோரிஸுக்கும் ஹில்மனுக்கும் யார் பார்ட்ஸ் செய்வார்? 'பழைய கார்கள் நிறைந்த அழகான ரங்கூன்' என்று டூரிஸ்ட்டுகள் எழுதினதையெல்லாம் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். ஆசைக்காக யாரும் வைத்திருக்கவில்லை, வேற வழியில்லாமல் வைத்திருந்தார்கள்.

மோரிஸ் மைனரின் கிளட்ச் வேலையை பெரியப்பா செய்யும்போது பலமுறை கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கேன். (தாகேதாவில் அவரை எல்லாரும் 'சயா' என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியார், டாக்டர், மெக்கானிக், எல்லாருக்கும் பர்மாவில் அந்த மரியாதை உண்டு.) வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுக்க மாட்டார். முதலில் கை பிரேக்கை இறுக்கி, டாப் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விடுவார். நல்ல கிளட்ச் என்றால் இஞ்சின் அங்கேயே திணறி நின்றுபோகணும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல் உறுதி. இதை ஒரு தரம்தான் செய்யணும், ரெண்டு மூணு தரம் செய்தால் மிச்சமிருக்கிற லைனிங்கும் கருகிப்போகும்.

அடுத்து பெடலைக் கையால் அழுத்திப் பார்ப்பார். பாரம் தட்டுவதற்கு முன்னால் பெடல் கொஞ்ச தூரம் சும்மா போகணும். மைனருக்கு முக்கால் அங்குலம் மாதிரி. இதில் பலருக்குப் புரியாத ஒரு விஷயம்: லைனிங் தேயத் தேய இந்த சும்மா போகிற தூரம் கூடாது, குறையும். தட்டு மெலிய மெலிய பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும். அதனால் அதன் நெம்புகோல்கள் பின்னால் வந்து ரிலீஸ் பேரிங்கைத் தொட ஆரம்பிக்கும். தூரம் பூஜ்யமானால், யாரோ எப்பவும் பெடலில் லேசாகக் கால் வைத்திருக்கிற மாதிரிதான். அப்போ வழுக்காமல் என்ன செய்யும்? கீழே கம்பியில் இருக்கிற நட்டைத் திருகித் தூரத்தைச் சரிசெய்தால் சில மாசம் ஓடும். பாதி வண்டிகளை பெரியப்பா இந்த ஒரு நட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். காசும் வாங்க மாட்டார். பெரியம்மாவுக்கு அதில் தீராத வருத்தம்.

மூன்றாவது, கீழே படுத்து பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கிற ஓட்டையைப் பார்ப்பது. மைனரில் அந்த ஓட்டையில் ஒரு ஸ்பிளிட் பின் தொளதொளவென்று தொங்கும். ஓட்டை அழுக்கில் அடைபடாமல் இருக்க, வண்டி ஆடும்போது தானே ஆடிச் சுத்தம் செய்துகொள்ளும் ஏற்பாடு! அந்தப் பின் வழியா எண்ணெய் சொட்டினால் நோய் வேற. மைனரின் இஞ்சினில் பின்பக்கம் ஒழுங்கான ஆயில் சீல் கிடையாது. தண்டில் மரை மாதிரி வெட்டி, எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிற ஏற்பாடுதான். புதுசில் சரி, ஐம்பது வருஷம் ஓடினால் அந்த மரை எதை அனுப்பும்? எண்ணெய் குடித்த லைனிங்கை பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் பழைய பிடி வராது. அப்போ பிரித்தே ஆகணும்.

பிரிக்கிற வேலை ஒரு முழு நாள். எங்க ஒர்க்ஷாப்பில் லிஃப்ட் கிடையாது, குழியும் கிடையாது. தாகேதாவில் குழி வெட்டினால் மழைக்காலத்தில் அது கிணறாகிவிடும். அதனால் தடித்த மரக்கட்டைகள் மேல் வண்டியை ஏற்றி நிறுத்துவது. உள்ளே சீட்டைக் கழற்றி, கியர் பாக்ஸின் மேல் மூடியிருக்கிற தகரத்தை எடுக்கணும். பின்னால் போகிற ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், குறுக்குச் சட்டம் எல்லாம் கழற்றி, இஞ்சினுக்கு அடியில் ஜாக்கியும் பலகையும் முட்டுக் கொடுத்து, கியர் பாக்ஸை நேராகப் பின்னால் இழுக்கணும். அந்த நேரத்தில் கியர் பாக்ஸின் பாரம் தட்டின் மேல் தொங்கினால் தட்டின் நடுக்குடம் வளைந்துவிடும். அதனால்தான் என்னை மாதிரி பொடியன்களை 'தம்பி, தள்ளிப் போ' என்று விரட்டிவிட்டு ரெண்டு பெரிய ஆட்கள் தூக்குவார்கள்.

பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு, எதிரெதிரா, அரை அரைத் திருகாகத் தளர்த்தணும். ஒரே பக்கமாகக் கழற்றினால் மூடி கோணிக்கொள்ளும். தட்டு கையில் வந்ததும் தெரிந்துவிடும்: லைனிங் ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்து, ரிவெட் ஃப்ளைவீலில் வட்டக்கோடு போட்டிருக்கும். வெளிநாட்டில் இந்த இடத்தில் புதுத் தட்டு வாங்குவார்கள். பெரியப்பா பழைய ரிவெட்டைத் துளைத்து எடுப்பார். தாய்லாந்து எல்லை வழியா கறுப்பு மார்க்கெட்டில் வந்த லாரி லைனிங்கை வட்டமாக வெட்டி, துளை போட்டு, ரிவெட் தலை உள்ளே அமுங்குகிற மாதிரி குழி செய்து, எதிரெதிராக அடிப்பார். பிறகு ஒரு தண்டில் மாட்டிச் சுற்றிவிட்டு, ஆடுகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். லெமிங்டனிலிருந்து வந்த இரும்புத் தட்டு அதேதான், அதன் மேல் தோல் மட்டும் பலமுறை மாறியிருக்கும். திருப்பிப் பூட்டும்போது தட்டு சரியாக நடுவில் நிற்க, பழைய கியர் பாக்ஸிலிருந்து வெட்டி எடுத்த ஒரு தண்டை வைத்திருந்தார். தாத்தா காலத்துப் பொருள்.

லைனிங் தூசியை அவர் வாயால் ஊதித்தான் சுத்தம் செய்வார். ஆஸ்பெஸ்டாஸ் என்ன செய்யும் என்று அந்த ஒர்க்ஷாப்பில் யாருக்கும் தெரியாது. பிரிட்டனில் 1999-ல் அதை முழுசாகத் தடை செய்துவிட்டார்கள் என்று இங்கே வந்துதான் படித்தேன்.

மைனராவது சொந்த வண்டி. கிளட்சை உண்மையில் கொன்றது 'லே பெய்ன்', பர்மியத்தில் நாலு சக்கரம். மாஸ்டா பி600 என்கிற குட்டி டிரக், 577 சிசி, ரெண்டே சிலிண்டர். ஜப்பானில் சாமான் டெலிவரிக்குப் பிறந்தது, ரங்கூனில் நீலச் சாயம் பூசி டாக்ஸியானது. பின்னால் எட்டுப் பத்து பேர், கூரை மேல் மூட்டை, அப்படியே பாலம் ஏற்றம். 1970-ல் நே வின் ஒரே நாளில் நாட்டின் போக்குவரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார். ஸ்டீயரிங் மட்டும் வலப்பக்கமே இருந்தது. முன்னால் போகிற லாரியை முந்தணும்னா டிரைவருக்கு எதிர் ரோடு தெரியாது. லாரிக்குப் பின்னாலேயே பாதி கிளட்சில் ஊர்ந்து ஊர்ந்து போவார்கள். தட்டு எத்தனை நாள் தாங்கும் சொல்லுங்க.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அந்த வண்டிகளை வைத்திருந்தார்கள்? 1985-லும் 1987-லும் மறுபடி நோட்டுகள் செல்லாமல் போனதும், மிச்சப் பணத்தை யாரும் பணமாக வைக்கத் துணியவில்லை. தங்கம் வாங்கினார்கள், முடிந்தவர்கள் வண்டி வாங்கினார்கள். 1988-க்குப் பிறகு இறக்குமதி கொஞ்சம் திறந்தாலும் பர்மிட் இருந்தால்தான் வண்டி, அந்தப் பர்மிட் வேண்டியவர்களுக்குத்தான். 2000களில் இருபது வருஷப் பழசான டொயோட்டா இருபதாயிரம் டாலரைத் தாண்டி விற்றது. வண்டியின் விலை இரும்பில் இல்லை, நம்பர் பிளேட்டிலும் ரிஜிஸ்டர் புத்தகத்திலும் இருந்தது. ஆக, சயாக்கள் அத்தனை வருஷமும் லைனிங் அடித்துக் காப்பாற்றியது காரை மட்டும் இல்லை, அந்தப் புத்தகத்தையும்தான்.

2011 செப்டம்பரில் தெய்ன் செய்ன் அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்தது. நாற்பது வயசுக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால் அதற்குப் பதிலாக ஒரு புதுசான வண்டியை இறக்குமதி செய்ய பர்மிட். பிறகு முப்பது வயசு, இருபது வயசு என்று இறக்கினார்கள். ஜீப், ஹில்மன், மைனர், லே பெய்ன் எல்லாம் வரிசையில் நின்றன. ஒப்படைத்தவை உடைப்பதற்கு. அந்தச் சில மாசம் ஓட்டை வண்டிகளின் விலை எகிறியது, கிளட்ச் இருக்கா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, புத்தகம் இருக்கா என்றுதான் கேட்டார்கள். எங்க மைனரும் போனது. பெரியப்பா அதற்கு முந்தின வருஷம்தான் தட்டுக்கு லைனிங் அடித்திருந்தார். ஓட்டிக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தார். எனக்கு அப்போ பதினொரு வயசு.

அந்தத் திட்டம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். புகையில்லாத, பிரேக் பிடிக்கிற வண்டி வந்தது. விலை இறங்கி, சாதாரண ஆட்களும் வாங்க முடிந்தது. அறுபது வருஷமா ரோட்டில் இருந்தவற்றில் நாலஞ்சையாவது மியூசியத்தில் வைத்திருக்கலாமே என்கிற ஆதங்கம் மட்டும் உண்டு. ஒர்க்ஷாப்புகளுக்கு வேலை குறைந்தது. வந்த கார்களில் நிறைய ஆட்டோமேட்டிக், கிளட்ச் பெடலே கிடையாது. பெரியப்பா டயர் பஞ்சர், ஆயில் மாற்றுவது என்று இறங்கிவிட்டார்.

பிறகு 2021 பிப்ரவரியில் மறுபடி ராணுவம். அந்த வருஷக் கடைசிக்குள் டாலர் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி கார் இறக்குமதியை நிறுத்தினார்கள். சாட்டின் மதிப்பு சரிந்ததில் ஸ்பேர் பார்ட்ஸ் விலை மேலே போனது. 2011-க்குப் பிறகு வந்த ஜப்பான் லாரிகளுக்கெல்லாம் இப்போ வயசாகிவிட்டது, அதே பாலத்தில் அதே 'ஙொய்ய்ய்' சத்தம். பெரியப்பா மகன், எங்க அண்ணன், பரணில் கிடந்த ரிவெட் சாமான்களை இறக்கியிருக்கிறார். போன மாசம் போனில் ஒரு போட்டோ அனுப்பினார்: ஒரு சின்ன லாரியின் தட்டு, ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்தது, பக்கத்தில் தாத்தாவின் வெட்டுத் தண்டு. தூசியை ஊதாதீங்கண்ணே, ஈரத்துணியால் துடைங்க, முகமூடி போடுங்கன்னு நான் பதில் எழுதினேன்.

அண்ணனுக்கு இப்போ தேவை லைனிங், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது. சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் இருக்கிற மக்களே, பழைய தட்டுக்கு லைனிங் அடித்துக் கொடுக்கிற கடை அங்கே இன்னும் இருக்கா, வெறும் லைனிங் தனியா விற்கிறார்களா என்று விசாரித்துப் பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஆறே முக்கால் அங்குலமும் எட்டு அங்குலமும் முதலில் கேட்கச் சொன்னார்.